பெயர் காட்டாத பெட்டி

கீழ்த்தளத்தில், பாட்டரி அறையைத் தாண்டிப் படிக்கட்டுக்குத் திரும்பும் இடத்தில், அங்கயற்கண்ணியின் கையிலிருந்த, வைஃபையைத் தேடிப் பிடிக்கும் கருவியில் அந்தக் கோடு எழுந்தது. எழுந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, வரிசையில் புதிதாக ஒன்று தலையை நீட்டிவிட்டு, என்னைக் கண்டுகொள்ளாதீர்கள், நீங்கள் பாட்டுக்குப் போங்கள் என்று பட்டும் படாமலும் நின்றது. மற்றதெல்லாம் அவளுக்குப் பழகிப்போன முகங்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்துப் பரோட்டாக் கடையின் வைஃபை, அதன் மாடியில் இருக்கிற லாட்ஜின் வைஃபை, பைபாஸில் போகும் பஸ்ஸில் எவனோ போனில் திறந்துவைத்திருக்கும் ஹாட்ஸ்பாட், அதற்கு அவன் வைத்திருக்கும் பெயர் 'ஓசியில் கேட்காதே'. மதிலைத் தாண்டிக் கசிந்து வருகிற இவற்றையெல்லாம் மாதாமாதம் பார்ப்பாள், லேசாகச் சிரித்துக்கொள்வாள், ஒதுக்கிவிட்டு நடப்பாள். இது அப்படியில்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எங்கோ ஒரு பெட்டி தன் பெயரை மறைத்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து வருவதாக இருந்தால் ஜன்னல் பக்கம் போனால் கோடு ஏற வேண்டும். ஜன்னல் பக்கம் போனாள். இறங்கியது. படிக்கட்டுப் பக்கம் வந்தாள். ஏறியது. மறுபடி ஜன்னல், மறுபடி படிக்கட்டு. பார்க்கிறவர்கள் இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைக்கப்போகிறார்கள். கருவிதான் கோளாறாக இருக்க வேண்டும், வெயிலில் ஜீப்பிலேயே கிடந்தது அல்லவா, சூடேறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு அதை அணைத்தாள். அணைத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது. பிறகு போட்டாள். பரோட்டாக் கடை வந்தது, லாட்ஜ் வந்தது, கடைசியில், கூச்சப்பட்டுக்கொண்டு, அதுவும் வந்தது.

இந்தக் கட்டிடத்துக்குள் ஒரு வைஃபைகூடக் கூடாது. கூடாது என்றால் கூடாதுதான், பெரிய அதிகாரிக்கு ஒன்று, அமைச்சர் வந்தால் ஒன்று என்ற சலுகையெல்லாம் இங்கே கிடையாது. எத்தனையோ மாவட்டத்து மின்சாரத்தை எந்த வழியில் விடுவது, எந்தத் துணைமின் நிலையத்தைத் திறப்பது, எதை மூடுவது என்பதெல்லாம் மூன்றாவது மாடிக் கண்ட்ரோல் ரூமில் விரல் நுனியில் நடக்கிறது. அங்கே ஓடுகிற வயர்களுக்கும் வெளியுலகத்துக்கும் எந்தத் தொடுப்பும் இருக்கக் கூடாது என்றுதான் செல்போனைக்கூடக் கேட்டிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். எவனாவது ஒரு வைஃபை பெட்டியைக் கொண்டுவந்து உள்வயரில் சொருகிவிட்டால் தீர்ந்தது. மதில், முள்கம்பி, துப்பாக்கியோடு நிற்கும் காவலர் எல்லாம் வெறும் அலங்காரம். ரோட்டில் டீ குடிக்கிறவன் டம்ளரைக் கீழே வைக்காமலே உள்ளே வந்துவிடலாம். அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கருவியைத் தூக்கிக்கொண்டு கீழிருந்து மேல்வரை நடப்பதுதான் அங்கயற்கண்ணியின் வேலை. வராந்தாவில் அவள் தலை தெரிந்ததுமே 'மோப்பம் வருது, மோப்பம் வருது' என்பார்கள். அவளும் முறைப்பதுபோல ஒரு பாவனை காட்டிவிட்டுப் போவாள். போன வருஷம் தெய்வநாயகம் விஷயம் நடந்த பிறகு கொஞ்ச நாள் அந்தக் கேலி நின்றிருந்தது. தெய்வநாயகம் என்ன, நாட்டையா விற்றார்? இரண்டாவது மாடிக் கூரைப் பலகைக்கு மேலே ஒரு சின்னப் பெட்டியைச் சொருகி, கிரிக்கெட் பார்த்தார். அவ்வளவுதான். ஸ்டூலில் ஏறிப் பலகையை நகர்த்தியது அவள்தான். கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவர் அவரேதான், அதை நினைத்தால் இப்போதும் என்னமோ செய்கிறது. “கழட்டிட்டுப் போயிடலாமே மேடம், யாரு பாத்தா?” என்றார். குரலில் கெஞ்சல்கூட இல்லை, ஏதோ பல்லியை விரட்டிவிடலாமே என்பதுபோலச் சொன்னார். கழற்ற முடியாது சார், சொல்லித்தான் ஆகணும் என்றாள். சாயங்காலம் போலீஸ் ஜீப். மறுநாள் அவர் மனைவி கேட்டில் வந்து, அவருடைய டிபன் கேரியரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அந்தக் கேரியரைக் கழுவிக் கொடுத்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

முதல் மாடி ஏறினாள். கோடும் கூடவே ஏறியது. ஏறட்டும், முதல் மாடி அக்கவுண்ட்ஸ், யாராவது ஒரு புதுப்பையன் விவரம் தெரியாமல் எதையாவது சொருகியிருப்பான், பாவம், ஆனால் புதுப்பையன்தான், அவனாக இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு கணம் மனதார அப்படி வேண்டிக்கொண்டாள், முகம் தெரியாத எவன் தலையிலோ போய் விடியட்டும் என்று, பிறகு சீ என்று இருந்தது. அக்கவுண்ட்ஸ் அறைக்குள் போனாள், கோடு இறங்கியது, வெளியே வந்தாள், ஏறியது. மேலே இருக்கிறது. அவளுக்கு அது கீழேயே தெரியும், தெரிந்துகொண்டே ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்க்கிறாள், ஜோசியம் சரியில்லை என்று அடுத்த ஜோசியரிடம் போகிற ஆள்போல. தீப்பெட்டி சைஸ். அந்த வார்த்தை காலையிலிருந்தே தொண்டையில் எங்கோ கிடந்ததா, இப்போதுதான் வந்ததா? தீப்பெட்டி சைஸ்ல ஒரு பெட்டி கிடைக்குதாம். சொன்னவன் அவள் கணவன் இளம்பரிதி. மூன்றாவது மாடிக் கண்ட்ரோல் ரூமில் இன்ஜினியர். சாப்பிட்டுக்கொண்டே, ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்துக்கொண்டே சொன்னான். “தீப்பெட்டி சைஸ்ல ஒரு பெட்டி கிடைக்குதாம். வச்சா உன் மிஷினு கண்டுபிடிச்சிருமா?” ஒரு நிமிஷத்துல பிடிச்சிரும் என்று அவள் பெருமையாகச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். யார் முதலில் சிரித்தது? அவன் சிரித்ததைப் பார்த்து அவள் சிரித்தாளா, அவள் சிரித்த பிறகு வேறு வழியில்லாமல் அவன் சிரித்தானா? அந்த இடம் மட்டும் ஞாபகத்தில் தேய்ந்துபோயிருந்தது. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் ரசத்தின் மிளகுவாசனைதான் வருகிறது, சிரிப்பு யாருடையது என்று தெரியவில்லை.

அவன் அப்படிச் செய்வதற்குக் காரணம் இருந்தது, அதுதான் பயம். காரணமே இல்லாதவன்மேல் சந்தேகப்பட்டால் ஒரு அதட்டல் போட்டு மனதை அடக்கிவிடலாம். போன மாதம் மகிழினிக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. ஆறு வயதுக் குழந்தை. டீச்சர் அம்மாவுக்குப் போன் அடித்திருக்கிறார், அப்பாவுக்கு அடித்திருக்கிறார், இரண்டு போனும் கேட்டில் இரும்பு அலமாரிக்குள் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் கிடந்து அடித்து அடித்து ஓய்ந்திருக்கின்றன. ஆபீஸ் லேண்ட்லைன் நம்பரும் கொடுத்துத்தான் வைத்திருந்தார்கள், அன்றைக்குப் பார்த்து அது செத்துக் கிடந்தது. கடைசியில் பள்ளிக்கூடத்து ஆயா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். இவர்கள் இருவரும் சாயங்காலம் கேட்டில் போனை வாங்கி, திரையில் வரிசையாக நிற்கும் தவறிய அழைப்புகளைப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இளம்பரிதி அன்றைக்கு அழவில்லை. மகிழினி தூங்கிய பிறகு, குழந்தையின் கொலுசைக் கழற்றி வைத்துக்கொண்டே, “ஒரு நாளைக்கு அந்தச் சுவத்துல நானே ஒரு ஓட்டை போடுறேன் பாரு” என்றான். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்ன வழி, ஒரு செய்தி மட்டும் வந்து போகிற அளவுக்கு, குழந்தைக்கு ஒன்று என்றால் தெரிகிற அளவுக்கு, அதில் என்ன குடி முழுகிவிடும்? முழுகிவிடும். அவளுக்குத்தான் தெரியும். ஒரு செய்தி வருகிற அளவு வழியில் ஊரே வரும்.

ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன? இரண்டாவது மாடிக்குப் போகும் படியில் நின்று அவள் இதை யோசித்தாள். யோசித்தது அவளுக்கே ஆச்சரியமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். கருவி சார்ஜ் இல்லாமல் நின்றுவிட்டது, நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். வயிற்றுவலி என்று சொல்லலாம். வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஏங்க, அந்தச் சனியனை நாளைக்குக் காலையில கழட்டி எடுத்துட்டு வந்துடுங்க என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யார் பார்த்தா? யாரு பாத்தா மேடம். டிபன் கேரியர். அந்தப் பெண் கேரியரை வாங்கிக்கொண்டு போகும்போது தூக்கிப் பார்த்தாள், உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, பழக்க தோஷத்தில். நாளைக்கு அங்கயற்கண்ணி அப்படி எந்தக் கேட்டில் போய் நிற்பாள்? கேட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? பள்ளிக்கூடத்துப் படிவத்தில் தந்தையின் தொழில் என்று ஒரு இடம் வரும், மகிழினி அதைத் தானே எழுதுவேன் என்று அடம்பிடித்து, 'கரண்டு விடுகிறார்' என்று எழுதிவைத்திருக்கிறாள். மேலேயிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. பிரிவுத் தலைவர் லூர்துசாமி. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு, நல்ல மனுஷர், தெய்வநாயகத்தின் காகிதத்தில் கை நடுங்காமல் கையெழுத்துப் போட்ட மனுஷர்.

“என்ன கண்ணி, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? சாப்பிட்டியா இல்லியா?”

“சாப்பிட்டேன் சார்.”

“ஏதாச்சும் மாட்டுச்சா?”

“இன்னும் மேல பாக்கணும் சார்.”

“பாரு பாரு. பாத்துட்டு எனக்கு ஒரு போன் அடிச்சிரு” என்றபடி அவர் இறங்கிப் போனார். அவள் கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள், திரை சேலைப்பக்கம் இருந்தது. எப்போது அதைத் திருப்பினாள்? அவர் செருப்புச் சத்தம் கேட்டபோதே கை தானாகத் திருப்பியிருக்கிறது. சொன்னது பொய் இல்லை. இன்னும் மேலே பார்க்கத்தான் வேண்டும். பொய் இல்லாத பொய்யைச் சொல்ல இவ்வளவு சீக்கிரம் வருகிறதே.

இரண்டாவது மாடியில் மனம் தப்பித்து எங்கெங்கோ ஓடியது. அது பயந்தால் அப்படித்தான் செய்யும், நல்லதாக ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். இந்த வராந்தாவில் இன்னும் மாவிலை காய்ந்து தொங்குகிறது. போன வாரத்துக்கு முந்தி ஆயுத பூஜை. என்ன அமர்க்களம்! பயிற்சி ஹாலைப் பூட்டிப்போட்டதிலிருந்து திறக்காத பீரோவைக்கூடத் திறந்து, உள்ளே கிடந்த பழைய சாமான்களையெல்லாம் தூசி தட்டி வெளியே எடுத்து வைத்தார்கள். செத்துப்போன மானிட்டருக்கும் சந்தனம், சாகக் கிடக்கிற பிரிண்டருக்கும் சந்தனம். அவள் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு மாடி மாடியாகப் போய்ப் பொட்டு வைத்தாள். கண்ட்ரோல் ரூமில் பெரிய டிஜிட்டல் கடிகாரத்தையே சுவரிலிருந்து இறக்கித் துடைத்துவிட்டார்கள், அது இறங்கி யாரும் பார்த்ததே இல்லை. பொரியும் கடலையும் கீபோர்டுகளில் எல்லாம் சிந்தியிருந்தது. அன்றைக்கு அவளுக்கு மனம் நிறைந்திருந்தது, மகிழினி காய்ச்சல் விட்டு நன்றாகத் தேறியிருந்தாள், பச்சைப் பட்டுப்புடவை, எல்லாரும் சொல்கிற பேச்சைக் கேட்கிறார்கள், அவள் பெரிய மனுஷி மாதிரி கட்டளை போட்டுக்கொண்டே போனாள். 'பூஜையில வச்சதை அப்படியே தூக்கி உள்ள போடக் கூடாது, மறுநாள் எல்லாத்தையும் ஒரு தடவ ஓட விட்டு எடுக்கணும், அப்பத்தான் வருஷம் பூரா ஓடும்.' அவள் அம்மா வீட்டில் தையல் மிஷினை அப்படித்தான் செய்வார்கள், மறுநாள் காலையில் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து நாலு தையல் ஓட்டிவிட்டுத்தான் மூடுவார்கள். மாவிலை அசைந்தது. அவள் பூட்டிக் கிடந்த பயிற்சி ஹாலின் கதவருகே போனாள், இங்கேயாவது இருக்கக்கூடாதா, இந்தப் பாழடைந்த அறையில், ஆளில்லாத அறையில். கோடு இறங்கியது.

மேலேதான். மூன்றாவது மாடியில் கண்ட்ரோல் ரூமைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. இனி ஏமாற்றிக்கொள்ள மாடியும் பாக்கியில்லை. படி ஏற ஏற அவளுக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது, முதல் பயத்தைவிடப் பெரியது, இவ்வளவு நேரம் முதல் பயத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றது. இளம்பரிதிதான் வைத்திருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம், குழந்தைக்காக வைத்திருக்கிறான். ஆனால் அந்த வழியில் குழந்தை மட்டுமா வரும்? இந்நேரம் எவனோ ஒருவன் அந்த வழியாக உள்ளே வந்து, சத்தம் போடாமல், ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால்? எந்த விசையைத் தட்டினால் எந்த ஊர் இருளும் என்று படித்துக்கொண்டிருந்தால்? ஆஸ்பத்திரியில் குறைப்பிரசவத்துக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்களே, மகிழினியை அட்மிட் செய்த அன்றைக்குப் பார்த்தாள், உள்ளங்கை அளவு கால்கள். ஜெனரேட்டர் இருக்கும். எல்லா இடத்திலும் இருக்குமா? இருந்தாலும் அது ஓடுமா? கைப்பிடிக் கம்பி ஈரமாக இருந்தது, அவள் கைதான். தீப்பெட்டி சைஸ். கடவுளே, தீப்பெட்டி என்று ஏன் சொன்னான், வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லையே. அட்டையைக் காட்டினாள், கதவு திறந்தது.

“சார், வீட்டம்மா வந்துட்டாங்க, மோப்பம் புடிக்க” என்று ஷிப்டில் இருந்த கமருதீன் சத்தம் போட்டான். இளம்பரிதி திரையிலிருந்து கண்ணை எடுத்து, “வாங்க மேடம்” என்றான். வீட்டில் நீ, ஏங்க, ஆபீசில் மேடம், சார். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. எதுவும் செய்யாதவன் முகமும் அப்படித்தான் இருக்கும், எல்லாம் செய்தவன் முகமும் அப்படித்தான் இருக்கும், இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்து என்ன பிரயோசனம்? கதவருகே கோடு ஏறியிருந்தது, முதல் மேஜையில் இன்னும் ஏறியது, இளம்பரிதியின் மேஜையருகே வந்தபோது இன்னும். நாற்காலியின் முதுகில் அவன் பை தொங்கியது. காலையில் அவளே ஜிப்பை மூடிக் கொடுத்த பை. மூடும்போது உள்ளே பார்த்தாளா? பார்க்கவில்லை. கமருதீன் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற எல்லார் பையையும் எல்லா மாதமும் கேட்கிறாள், இவன் பையை எந்த மாதமும் கேட்டதில்லை, இன்றைக்குக் கேட்காவிட்டால் அவள் காலத்துக்கும் கேட்கப்போவதில்லை.

“சார், உங்க பையைக் கொஞ்சம்...”

அவன் ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு பையைக் கழற்றி மேஜைமேல் வைத்து, தானே ஜிப்பைத் திறந்துவிட்டான். டிபன் பாக்ஸ், குடை, மகிழினியின் உடைந்த கிளிப், ஒட்டித் தருகிறேன் என்று வாங்கிவந்து ஒரு வாரமாகச் சுமக்கிறான். வேறு ஒன்றும் இல்லை. அவள் ஓரத்து அறைகளிலும் கைவிட்டுத் துழாவினாள், துழாவிய கை கூசியது, அப்படியும் துழாவினாள். “தீப்பெட்டி தேடுறியா?” என்றான் அவன், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். தெரிந்துவிட்டது. அவள் என்ன நினைத்தாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது, இனி எத்தனை வருஷம் போனாலும் அது தெரிந்ததாகவே இருக்கும். கருவியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள், நகர்ந்த பிறகுதான் பார்த்தாள், கோடு இறங்கவில்லை. அவன் மேஜையைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனது. சுவர்ப்பக்கம். அங்கே சுவரில் ஒரு பலகை, பலகையில் சரஸ்வதி படம், பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா, பக்கத்தில் மெக்கா படம், மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீரியல் விளக்கு. மேலே பெரிய கடிகாரம். கடிகாரம் தப்பான நேரம் காட்டியது. கொஞ்சம்தான் தப்பு, ஆனாலும் இந்த அறையில் கடிகாரம் தப்பக் கூடாது, அது உள்வயரிலிருந்து நேரம் வாங்கி ஓடுகிற கடிகாரம். ஒரு வாரமாகவே கடிகாரம் பிந்துகிறது என்று வீட்டில் இளம்பரிதி புலம்பினானே, அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ம் கொட்டினாளே. சரஸ்வதி படத்தை மெல்ல நகர்த்தினாள்.

படத்துக்குப் பின்னால் அது இருந்தது. தீப்பெட்டி சைஸ் இல்லை, டிபன் பாக்ஸ் மூடி அளவு, வெள்ளை, ஓரம் பழுத்துப்போயிருந்தது. நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமம். அவள் வைத்த பொட்டு. பயிற்சி ஹாலில் முன்பு ஓடிக்கொண்டிருந்த பழைய வைஃபை பெட்டி, அதன் பெயரை மறைத்து வைத்தவளே அவள்தான், அப்போது அது சட்டப்படி இருந்தது, பிறகு பீரோவுக்குள் போட்டுப் பூட்டினார்கள். சுவரிலிருந்து தொங்கிய கடிகாரத்து வயர் கடிகாரத்துக்குப் போகாமல் இதற்குள் போயிருந்தது. அந்தக் கடிகாரத்துக்கு வயசாகிவிட்டது, கடவுச்சொல் கேட்டால் சொல்லத் தெரியாது, அதனால் அந்த ஒரு வயருக்கு மட்டும் யார் என்ன என்று கேட்காமல் வழி விட்டிருந்தார்கள்.

“அடடே, இதையா தேடுன?” இளம்பரிதி பின்னால் வந்து நின்றான். “நீதானே சொன்ன, மறுநாள் எல்லாத்தையும் ஒரு தடவ ஓட விடணும்னு. பூஜைக்கு இங்க கொண்டாந்து வச்சிருந்ததை நான்தான் போட்டேன். லைட்டு எரிஞ்சா மட்டும் போதுமா, முழுசா ஓடட்டும்னு கையில கெடச்ச வயரைச் சொருகினேன். அந்த நேரம் பார்த்து ஒரு லைன் டிரிப் ஆயிடுச்சு, ஓடிட்டேன். கடிகாரத்தை யாரோ தூக்கி மாட்டி, சாமி படத்தையும் இதுக்கு முன்னால வச்சுட்டாங்க. நான் சுத்தமா மறந்துட்டேன் கண்ணி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி வந்த சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு, பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுவரில் ஓட்டை போடவில்லை, குழந்தைக்காகக்கூடப் போடவில்லை, அவள் சொன்னாள் என்று ஒரு பெட்டிக்கு நல்ல வருஷம் ஓடட்டும் என்று வயரைச் சொருகியிருக்கிறான் மடையன், அவளும் மடைச்சி, பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு கட்டளை போட்ட மடைச்சி. இந்த மனுஷன் பைக்குள் கையை விட்டுத் துழாவினோமே, இன்றைக்கு ராத்திரி காலைப் பிடித்தாவது மன்னிப்புக் கேட்க வேண்டும், அவன் மன்னிப்பான், கேலி செய்வான், மகிழினியிடம் சொல்லிச் சிரிப்பான். அப்போதுதான் அவள் அந்த விளக்கைப் பார்த்தாள். பெட்டியில் மூன்று விளக்கு, இரண்டு நின்று எரிந்தன. மூன்றாவது துடித்துக்கொண்டிருந்தது. சும்மா இருக்கிற பெட்டியில் அது எப்போதாவது ஒரு தடவை கண் சிமிட்டும். இது விடாமல் துடித்தது. சிரிப்பு எங்கே நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கருவியை எடுத்து, இந்தப் பெட்டியோடு யார் பேசுகிறார்கள் என்று கேட்டாள். ஒருவர் என்று காட்டியது. எல்லார் போனும் கேட்டில் இருக்கிறது. அந்தப் பழைய கடவுச்சொல் பயிற்சிக்கு வந்துபோன ஊர்ப்பட்ட பேருக்குத் தெரியும், எந்தெந்தக் கம்பெனி ஆட்களோ, எங்கெங்கேயோ போய்விட்டவர்கள். கருவியோடு ஜன்னல் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். அந்த ஒருவரின் கோடு ஏறியது. இன்னோரடி, இன்னும் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே மதில், மதிலுக்கு அப்பால் ரோடு, ரோட்டுக்கு அப்பால் லாட்ஜ். மாடி அறைகளில் துணி காய்ந்தது. ஒரு அறையில் மட்டும் இந்தப் பட்டப்பகலில் திரை இழுத்து விட்டிருந்தது.

அங்கே எவனோ இருக்கிறான், அவன் விரல் அசைகிறபோதெல்லாம் இங்கே சரஸ்வதிக்குப் பின்னால் விளக்கு துடிக்கிறது. இளம்பரிதியும் விளக்கைப் பார்த்துவிட்டான். அவன் முகம் இப்போது எதையும் மறைக்கவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது, இனி இது மறந்துபோன பெட்டி இல்லை, போலீஸ் ஜீப்.

“கழட்டிடு கண்ணி” என்றான், எதிர்மூலையில் உள்போனில் பேசிக்கொண்டிருந்த கமருதீனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு. “யாரும் பாக்கல.”

அதே வார்த்தை. அவன் தெய்வநாயகம் சொன்னதைக் கேட்டதில்லை, அவள் வீட்டில் அதைச் சொன்னதும் இல்லை, பயந்துபோன ஆளுக்கெல்லாம் ஒரே வார்த்தைதான் கிடைக்கும்போல. அவள் கை வயரின்மேல் போய் உட்கார்ந்திருந்தது. இழுத்தால் போதும், ஒரு சொடுக்கு. இழுத்தால் விளக்கு அணையும். விளக்கு அணைந்த நொடியில் எதிரே திரைக்குப் பின்னால் இருக்கிறவன் மூட்டையைக் கட்டிவிடுவான். அவன் யார், எதை எடுத்தான், எதை விட்டுவிட்டுப் போனான், எந்த ஊரை எந்த நாள் இருட்டாக்க நினைத்திருந்தான், எதுவும் யாருக்கும் தெரியாது, அவள் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு தடவை கரண்டு போகும்போதும் எழுந்து உட்கார வேண்டும். இழுக்காமல் விட்டால், உள்பக்கத்து வழியை மட்டும் சர்வர் ரூமிலிருந்து அடைத்துவிட்டு, பெட்டியை எரியவிட்டால், அவனுக்கு ஒன்றும் தெரியாது, தட்டிக்கொண்டே இருப்பான், ஆள் போய்ப் பிடித்துவிடலாம். அதைச் செய்ய லூர்துசாமியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் பெட்டி இருக்கும், வயர் இருக்கும், பொட்டு இருக்கும், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். கரண்டு விடுகிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவு கால்கள். கேரியரைத் தூக்கிப் பார்த்த அந்தக் கை. கழற்ற முடியாது சார் என்று எவ்வளவு சுலபமாக அன்றைக்கு வாயிலிருந்து வந்தது. அவளுக்குப் பயம் போகவில்லை, கொஞ்சம்கூடக் குறையவில்லை. வயரிலிருந்து கையை எடுத்தாள். விரலில் சந்தனப்பொடி ஒட்டியிருந்தது. இளம்பரிதியின் மேஜைக்கு நடந்து, அங்கிருந்த உள்போனை எடுத்து எண்களை அழுத்தினாள். அவன் தடுக்கவில்லை. நாற்காலியை அவளுக்காக நகர்த்திப்போட்டான், அவள் உட்காரவில்லை.

“சார், கண்ணி பேசுறேன். மூணாவது மாடி, கடிகாரத்து லைன். உள்பக்கம் உடனே அடைங்க சார், பெட்டியை அணைக்கல, எரியட்டும். வெளியில ஒரு ஆளு இருக்கான், எதிர் லாட்ஜுல.”

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளப்படுகிற சத்தம், யாரையோ கூப்பிடுகிற சத்தம், கீபோர்டுச் சத்தம். பிறகு லூர்துசாமியின் குரல், கிராம்பு இல்லாத குரல், அவள் அதுவரை கேட்டதில்லை.

“அடைச்சாச்சு. நீ அங்கேயே நில்லு. பெட்டியை வச்சது யாருன்னு தெரியுமா?”

இளம்பரிதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பலகையில் விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

“தெரியும் சார்,” என்றாள். “நாங்கதான்.”